வீட்டுக்கொரு மலை

கார்த்திகைத் தீபத்துக்கு வருகிற வெளியூர் போலீஸ்காரர்களைத் தங்க வைப்பதற்காகத்தான் பள்ளிக்கூடங்கள் கட்டப்பட்டன என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. திருவிழா நெருங்கினால் மலை சுற்றும் பாதையில் இருக்கிற எங்கள் ஆரம்பப் பள்ளியில் பெஞ்சுகளை மூலையில் அடுக்கி, கரும்பலகையில் லத்திகளைச் சாய்த்து வைத்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தீபம் முடிந்து போலீஸ்காரர்கள் லாரி ஏறியதும் பிள்ளைகள் வந்து பீடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அறுபத்தோராம் வருஷம் போலீஸ்காரர்கள் போனார்கள். அவர்கள் போன லாரியின் புழுதி அடங்குவதற்குள் வேலூரிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் சாம்பமூர்த்தி. இல்லச் சாகசக் கல்வி வாரியத்தின் விசேஷ அதிகாரி. நெற்றி நிறைய விபூதி, கையில் தோல் பை. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். காற்று நன்றாக வந்தது. ஜன்னலைத் திறந்தால் அண்ணாமலை தெரிந்தது. இதுதான் ஆபீஸ் என்று சொல்லிவிட்டார்.

வாரியத்தின் கொள்கை எளிமையானது. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடக்காமல் வீட்டிலேயே, கடல் தாண்டியும் காடு புகுந்தும், சாகசங்கள் வழியாகப் பாடம் கற்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கு ஓர் ஆபீஸ் வேண்டும். பள்ளிக்கூடம் ஆபீஸ் ஆகிவிட்டதால் பிள்ளைகள் வீட்டில்தான் படிக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் படிப்பதால் பள்ளிக்கூடம் ஆபீஸாக இருப்பதில் தடையில்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற இரண்டு காரியங்களை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் வீடு என்று ஒரு திட்டம் வந்து போன நாடுதானே, இப்போது முழு நாளும் வீடு என்றபோது எங்களுக்குப் பெரிதாக ஆச்சரியம் ஏற்படவில்லை.

திறப்பு விழாவில் சாம்பமூர்த்தி அருமையாகப் பேசினார். நாட்டில் உள்ள பள்ளிக்கூடங்களை எல்லாம் தாம் ஆராய்ந்து பார்த்ததாகவும், உடைந்த பெஞ்சு, கிறுக்கிய சுவர், அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய் என்று எந்தக் குறையை எடுத்தாலும் அதற்குக் காரணம் குழந்தைகளே என்றும் சொன்னார். குழந்தைகள் வராத பள்ளிக்கூடம் பல தலைமுறைகளுக்குப் புதிதாகவே இருக்கும் என்றார். நாங்கள் கை தட்டினோம். மேளம் வாசிக்க வந்தவர்களும் கை தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் கை தட்டாமல் நின்ற ஒரே ஆள் ஆதிமூலம். அவன் மண்சுவர் வைக்கிறவன். வீடு கட்டுகிறவர்களுக்கு மண் குழைத்துச் சுவர் எழுப்பிக் கொடுப்பது அவன் தொழில். அவன் மகள் சரசு நாலாம் வகுப்பில் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆதிமூலத்தின் மனைவி ஆராயிக்கு, பெண்ணைச் சீக்கிரம் மல்லாட்டை மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எண்ணம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மில் முற்றத்தில் அதைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்ட எப்போதும் சின்னப் பெண்கள் வேண்டியிருந்தார்கள். ஆராயி கெட்டவள் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிகிற வேளை கம்மி, அவ்வளவுதான். ஆதிமூலம் ஒரே பிடிவாதமாக இருந்தான். சரசு அஞ்சாம் வகுப்புக்குப் போவாள், அஞ்சு முடித்தால் டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அதுவரை அவள் தலையில் கூடை ஏறக் கூடாது என்பது அவன் பேச்சு. நாலாம் வகுப்பில் தேறாவிட்டால் மில்தான் என்று ஆராயி சொல்ல, அதற்கு அவன் ஒத்துக்கொண்டிருந்தான். சரசு தேறாமல் போவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வாரியத்தின் வழிகாட்டிப் புத்தகம் வீடு வீடாக வந்தது. எழுத்து ஒன்றிரண்டுதான் தெரியும் என்பதால் ஆதிமூலம் அதைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியர் அம்பலவாணனிடம் போனான். பாவம், அவரை இப்போது ஆபீஸ் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். சாகசம் என்றால் என்ன என்று அவன் கேட்டான்.

"ஆபத்து இருக்கணும். ஆனா ஒண்ணும் ஆகக் கூடாது. அதான்பா சாகசம்" என்றார் அவர்.

ஆதிமூலம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். "ஆபத்து எங்க வூட்ல இருக்குதுங்க. ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்ல முடியல."

அம்பலவாணன் அதை வாங்கிப் படித்துக் காட்டினார். முதல் பாடம் கடற்பயணம். கூடத்தில் உள்ள சோபாவைக் கப்பலாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது காடு. பூந்தொட்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். மூன்றாவது குகை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கொள்ளலாம். ஆதிமூலத்தின் வீடு ஒரே அறை. உள்ளே போகக் குனிய வேண்டும், உள்ளே போன பிறகும் முழுசாக நிமிர முடியாது. சோபா என்றால் என்ன என்று அவன் கேட்டான். பெரிய மனிதர்கள் வீட்டில் உட்காருவதற்காக இருப்பது என்று அவர் விளக்கினார். அவர்களுக்கு உட்காருவதற்கென்று தனியாகச் சாமான் எதற்கு, நாள் பூராவும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

ஆனாலும் சரசு விடவில்லை. குகைக்கு மாடிப்படி இல்லாததால் வீட்டு மூலையில் இருந்த நெல் குதிருக்குள் இறங்கி உட்கார்ந்து மனப்பாடம் சொன்னாள். பார்வையிட வந்த வாரியத்துக் குமாஸ்தா இருட்டு மிகவும் அருமையாக இருப்பதாகப் பாராட்டினான். வசதியான வீடுகளில் குதிருக்குள் நெல் கிடப்பதால் குழந்தைகளால் இறங்க முடியவில்லை என்று அவனே வருத்தப்பட்டான். அந்தப் பாடத்தில் சரசுதான் முதல்.

அடுத்தது உணவு தேடும் பாடம். இதன் வரலாறு கொஞ்சம் உருக்கமானது. பள்ளிக்கூடத்தில் அப்போது மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சரசுவுக்கு அது ஒன்றுதான் ஒரு நாளில் நிச்சயமான சாப்பாடு. பள்ளிக்கூடம் ஆபீஸ் ஆனதும் சாப்பாடு நின்றது. அதைப் பற்றி அம்பலவாணன் விண்ணப்பம் வைத்தபோது, பசிதான் சாகசத்தின் தாய் என்று சாம்பமூர்த்தி பதில் சொல்லி, உணவு தேடுவதையும் ஒரு பாடமாகச் சேர்த்துவிட்டார். ஆபீஸ்காரர்களுக்குச் சமைக்கச் சமையல்காரர் அதே இடத்தில் தொடர்ந்து வேலை பார்த்தார்.

அறுவடை முடிந்த மல்லாட்டைக் கொல்லையில் மண்ணைக் கிளறினால் விட்டுப்போன காய் கொஞ்சம் கிடைக்கும். சரசு கிளறினாள். கொல்லைக்காரர் வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். கன்னம் வீங்கிய பிள்ளையைப் பார்த்த குமாஸ்தா, உணவைத் தேடியதோடு எதிரியையும் நேரில் சந்தித்தாள் என்று எழுதி, கூடுதல் மார்க் போட்டுவிட்டுப் போனான். அன்று ராத்திரி ஆதிமூலம் சாப்பிடவில்லை. சாப்பிட ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கடைசிப் பாடம் மலையேற்றம். இதில் தேறாதவர் மொத்தத்திலும் தேறாதவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சாம்பமூர்த்தி ஜன்னலைத் திறந்து, மலையடிவாரத்தில் வாழும் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், நாளைக்கே எல்லாக் குழந்தைகளும் ஏறட்டும் என்று கையை நீட்டினார். நாங்கள் திகைத்துப் போனோம். எங்களுக்கு மலைதான் சாமி. கோயிலில் இருப்பது பெயருக்குத்தான். புல் அறுக்கப் போகிறவர்கள்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வயிற்றுப் பிழைப்பு என்று மன்னிப்புக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். தீபத்துக்குக் கொப்பரை தூக்கி ஏறுகிறார்களே, அந்தக் கால்கள் பட்டதற்கும் பிறகு பிராயச்சித்த பூஜை நடக்கும். மார்க்குக்காகச் சாமி தலையில் ஏறுவது என்பது யாருக்கும் ஜீரணமாகவில்லை.

அம்பலவாணன் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னதும் சாம்பமூர்த்தி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரும் சிவபக்தர். ஆனால் பாடத்தை எடுக்க முடியாது, புத்தகம் அச்சாகிவிட்டது. ஒரு வாரம் வேலூருக்கும் எங்கள் ஊருக்கும் ஜீப் அலைந்தது. முடிவில் ஒரு சர்க்குலர் வந்தது. வீட்டுக்கொரு மலை. பெற்றோர்கள் தங்கள் செலவில் வீட்டுக்குள்ளேயே ஒரு மண் மலை செய்ய வேண்டும், குழந்தை அதன்மேல் ஏறி நிற்க வேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார்.

ஆதிமூலத்துக்கு உயிர் வந்தது. மண் வேலைதானே. ஏரிக்கரையிலிருந்து செம்மண் சுமந்து வந்து, குழைத்து, தட்டி, தன் வீட்டு நடுவில் எழுப்பினான். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது ஒரே மலை. கை தானாக அதைத்தான் செய்தது. அடி அண்ணாமலை ஊர்ப் பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே, உச்சி, சரிவு, இடது பக்கம் இறங்குகிற தோள், எல்லாம் வந்துவிட்டது. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஏறு கண்ணு என்றான். சரசு காலைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஆராயி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். பிறகு மகளைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். சாமி மேல் கால் வைக்கப் பார்க்கிறாயே என்று திட்டினாள். ஆதிமூலம் அப்போதுதான் தான் செய்ததை எட்ட நின்று பார்த்தான். அவன் கையும் தானாகக் குவிந்தது. என்ன செய்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் ஆராயி அதன் முன்னால் விளக்கு ஏற்றினாள். காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். மார்கழிப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டத்தில் பாதி, சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஆதிமூலத்தின் வீட்டுக்குள் நுழைந்து சுற்றியது. அறை சின்னது. சுற்றுகிறவர்களின் தோள் உரசி உரசிச் சுவர் வெடித்தது. ஊருக்கெல்லாம் சுவர் வைத்தவன் தன் வீட்டுச் சுவர் சரிவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான்.

படுக்க இடமில்லை. சாமி இருக்கிற இடத்தில் கால் நீட்ட முடியுமா? மூன்று பேரும் வெளியே பனியில் படுத்தார்கள். சரசுவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமலுக்கு நடுவில், நான் எப்போது ஏறுவது என்று தினமும் கேட்டாள். நாளைக்கு என்று அவன் தினமும் சொன்னான். கலைக்கவும் பயம், ஏற்றவும் பயம்.

கடைசியில் வெளியே வாசலில் வேறொரு மலை செய்தான். இந்த முறை அண்ணாமலை மாதிரி வந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கோணலாக இரண்டு சிகரம் வைத்தான். அது முருகன் மலை என்று தெருவில் முடிவாகி, காவடிக்கு நாள் பார்த்தார்கள். மூன்றாவதாகச் சிகரமே இல்லாமல் ஒன்று செய்தான். அது மலை இல்லை, வரப்பு என்று குமாஸ்தா ஒதுக்கிவிட்டான். ஆதிமூலம் வீட்டில் மட்டும் இந்தக் கதை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்த வீடெல்லாம் அந்தத் தையில் கோயிலாகிவிட்டது.

தை பாதியில் சாம்பமூர்த்தி பரீட்சைக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே மலையைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டியது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரமாக மூன்று முறை வலம் வந்தார். ஜீப்பிலிருந்து தேங்காய் வரவழைத்து உடைத்தார். சம்சாரம் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டு, ஆராயி கொடுத்த விபூதியைப் பூசிக்கொண்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, பெண் ஏறினாளா என்று கேட்டார்.

இல்லை என்றான் ஆதிமூலம். பெயில் என்று எழுதினார் சாம்பமூர்த்தி.

ஆதிமூலம் அதுவரை அதிகாரிகளை எதிர்த்துப் பேசியவன் இல்லை. அன்று பேசினான். "நீங்களே சுத்தி வந்து தேங்கா ஒடச்சிக் கும்புட்டீங்களே சாமி. அது மேல எப்பிடிங்க புள்ளய ஏத்தறது? வேணும்னா நீங்க ஒருவாட்டி ஏறிக் காட்டுங்க. பாத்துட்டு அவளும் ஏறட்டும்."

சாம்பமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "கும்பிட்டது சாம்பமூர்த்திப்பா. மார்க் போடறது விசேஷ அதிகாரி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே. அப்பிடிக் குழப்பிக்கிட்டா இந்த நாட்டுல ஒருத்தரும் உத்தியோகம் பாக்க முடியாது."

மறுநாள் ஆபீஸுக்குப் போய் அவர் எதிரில் கைகட்டி நின்றான். மகள் படிக்கட்டும், வேறு ஏதாவது பரீட்சை வையுங்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். சாம்பமூர்த்தி பொறுமையாகத்தான் விளக்கினார். ஒரு குழந்தை தோற்றால் அது ஒரு குழந்தையின் நஷ்டம், ஒரு திட்டம் தோற்றால் எத்தனை அதிகாரிகளின் நஷ்டம் என்று அவன் யோசித்துப் பார்க்க வேண்டும் என்றார். கணக்கு என்பது தைரியசாலிகளுக்கு உரிய பாடம் இல்லை என்றும் சொன்னார். வாசலில் ஸ்டூலில் இருந்த அம்பலவாணன் ஆதிமூலத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஆராயி எதுவும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் சரசுவுக்குத் தலை வாரிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, தலைக்குச் சும்மாடு சுற்றிக் கையில் கொடுத்தாள். ஆதிமூலமும் அவர்களோடு மில்லுக்குப் போனான். சுவர் வைக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கேயே மூட்டை தூக்கச் சேர்ந்துகொண்டான். அவளைத் தனியாக விட அவனுக்கு மனசு வரவில்லை. அப்படிப் பக்கத்தில் இருந்து அவன் தடுத்தது ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தான்.

மில் முற்றத்தில் மல்லாட்டை குவிந்து கிடக்கும். வண்டியிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு, சறுக்குகிற காயில் முழங்கால் புதையப் புதைய உச்சிவரை ஏறிக் கொட்டிவிட்டு வர வேண்டும். தூசி எழும்பும். சரசு இருமிக்கொண்டே ஏறினாள். அந்தக் குவியலை யாரும் கும்பிடவில்லை. அது வேலை.

மாசியில் சென்னையிலிருந்து வாரியத்தின் பெரியவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. மலையேறிய குழந்தைகளைப் பார்க்க அவர்கள் ஆசைப்பட்டார்கள். சாம்பமூர்த்தி ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். ஒரு குழந்தைகூட ஏறவில்லை. திட்டம் தோற்கப்போகிறது என்றதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜீப்பை எடுத்துக்கொண்டு, போட்டோ பிடிக்கிறவரையும் அம்பலவாணனையும் ஏற்றிக்கொண்டு, டவுனையும் சுற்றுப்புறத்தையும் சல்லடை போட்டுச் சலித்தார். மில் வாசலைத் தாண்டும்போது மதிலுக்கு மேலே ஒரு சின்ன உருவம் வானத்தை ஒட்டி நிற்பது தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னார்.

உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. தாம் பல வருஷங்களாகத் தேடிக்கொண்டிருந்த குழந்தை இதுதான் என்றார். சோபா இல்லை, வழிகாட்டி இல்லை, வாத்தியார் இல்லை, தானாகவே ஏறுகிறாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று மேஸ்திரியைக் கேட்டார். அதற்குக் கணக்கில்லை என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னான். பார்த்தீர்களா, பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தால் இந்த உறுதி வருமா என்று சாம்பமூர்த்தி அம்பலவாணன் பக்கம் திரும்பினார். அம்பலவாணன் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று என்னால் சொல்ல முடியாது.

கூடையைக் கீழே போடச் சொல்லி, சரசு கையில் வாரியத்தின் கொடியைக் கொடுத்து, உச்சியில் நிற்க வைத்துப் போட்டோ பிடித்தார்கள். இருமலை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அடக்கிக்கொண்டாள். இறங்கி வந்ததும் சாம்பமூர்த்தி அவள் தலையில் கை வைத்து, தூசி ஒட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு, பாஸ் என்றார். முதல் வகுப்பில் பாஸ்.

மூட்டைக்கு அடியில் நின்றிருந்த ஆதிமூலத்துக்கு அது கேட்டது. மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்தான். சரசு அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அத்தனை தூசிக்கு நடுவிலும் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நானும் பார்த்தேன், மில்லில் எனக்கு எடை போடுகிற வேலை.

"அப்ப நான் அஞ்சாம் வகுப்புங்களா?" என்று அவள் சாம்பமூர்த்தியைக் கேட்டாள்.

சந்தேகமில்லாமல் அஞ்சாம் வகுப்பு என்றார் அவர்.

"எந்த ரூம்ல போய் உக்காரணுங்க?"

சாம்பமூர்த்தி அம்பலவாணனைப் பார்த்தார். அம்பலவாணன் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு சாம்பமூர்த்தி குனிந்து, அவளுக்குப் புரிகிற மாதிரி, ரொம்பவும் அன்பாகச் சொன்னார்.

"அஞ்சாம் வகுப்பு ரூம்லதாம்மா இந்தப் போட்டோவ மாட்டப் போறோம். சென்னையிலேருந்து வர்றவங்க எல்லாரும் அங்க வந்து உன்னப் பாப்பாங்க."

சரசு அதை யோசித்தாள். மேஸ்திரி கூப்பிட்டான். அவள் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு கூடையை எடுத்தாள். ஆதிமூலம் ஒரு கை கொடுத்து அதை அவள் தலையில் ஏற்றிவிட்டான்.